அறுபது வயது ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள்: டெல்லி பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2013-ல் பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பின் டெல்லி கிளை 62 கட்டடங்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தது. எல்லாமே சுதந்திரத்துக்குப் பிறகு இந்த நகரத்தில் எழுந்த நவீன கட்டடங்கள். அவற்றைப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவியுங்கள் என்பதுதான் கோரிக்கை. 2017-ல் உங்கள் குழு சொன்ன பதில், 60 வயதைத் தாண்டிய கட்டடங்களை மட்டுமே பரிசீலிப்போம் என்பது. பிரகதி மைதானத்தின் கண்காட்சிக் கூடமான ஹால் ஆஃப் நேஷன்ஸுக்கு அப்போது 45 வயதுகூட நிறையவில்லை. அதை இடிக்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் போட்ட மனு தள்ளுபடியான சில நாட்களுக்குள், ஏப்ரல் 23 இரவு, இயந்திரங்கள் உள்ளே போயின. விடிந்தபோது இடிபாடுதான் இருந்தது.

இது பற்றி உங்களுக்கு ஆங்கிலத்தில் நிறைய மனுக்கள் வந்திருக்கும், பெரும்பாலும் கட்டடக் கலைஞர்களிடமிருந்து. நான் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளன். டெல்லியில் மத்திய அரசு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் சரோஜினி நகரிலும் நேதாஜி நகரிலும் ஆர்.கே.புரத்திலும் வளர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த விஷயத்தில் பாத்தியதை உண்டு. இதுவரை எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்களும் வாய் திறக்கவில்லை.

முதலில் ஹால் ஆஃப் நேஷன்ஸ். ராஜ் ரேவல் வடிவமைத்தார், கட்டமைப்புக் கணக்கைப் போட்டவர் மகேந்திர ராஜ். நடுவில் தூணே இல்லாத பிரம்மாண்டமான கூடம். அவ்வளவு அகலத்துக்குக் கூரை போட மற்ற நாடுகளில் எஃகுக் குழாய்களை முடிச்சு முடிச்சாக இணைத்துவிடுவார்கள். அன்றைக்கு இங்கே அந்த மாதிரி எஃகு கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. சிமெண்ட் இருந்தது, வேலை செய்யக் கைகள் இருந்தன. அதனால் அதே முப்பரிமாணச் சட்டகத்தைக் கான்கிரீட்டில் வார்த்தார்கள். அந்த இடத்திலேயே, சென்ட்ரிங் என்ற அச்சுப் பலகை அடித்து, தலையில் சுமந்து. அந்த அளவில் அதற்கு முன் உலகில் யாரும் செய்யாத வேலை.

அதில் ஒரே ஒரு முடிச்சை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பல திசைகளிலிருந்து சாய்ந்து வரும் கான்கிரீட் உறுப்புகள் ஒரு புள்ளியில் சேர வேண்டும். ஒவ்வொன்றுக்குள்ளும் கம்பிகள். அத்தனை கம்பியும் அந்தச் சின்ன இடத்துக்குள் ஒன்றையொன்று முட்டாமல் கடந்துபோக வேண்டும். நடுவே ஜல்லி இறங்கவும் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பொந்து விழுந்துவிடும். கம்பி கட்டுகிறவர்களிடம் கேட்டால் இது என்ன மாதிரி வேலை என்று சொல்வார்கள். இப்படி நூற்றுக்கணக்கான முடிச்சுகள். அந்தச் சட்டகத்தின் ஆழமே வெயிலைத் தடுக்கும் ஜாலியாகவும் (துளைகள் உள்ள திரைச்சுவர்) வேலை செய்தது. இல்லாமையிலிருந்து பிறந்த கட்டடம் அது, ஆனால் ஏழ்மை தெரியாத கட்டடம். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2022-ல் தெற்காசிய நவீனக் கட்டடக் கலை பற்றி ஒரு கண்காட்சி நடத்தியபோது அதற்கு முக்கிய இடம் கொடுத்தது. நாம் இடித்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.

இடித்ததற்கு முந்தைய வருடம்தான், 2016-ல், சண்டிகரின் கேப்பிடல் காம்ப்ளெக்ஸ், அதாவது சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் உயர் நீதிமன்றமும் உள்ள வளாகம், அதை வடிவமைத்த லெ கார்பூசியேவின் மற்ற கட்டடங்களோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இடம் பிடித்தது. நாடே பெருமைப்பட்டது. வெளிநாட்டுக்காரர் வரைந்த கான்கிரீட்டுக்கு மாலை, நம் ஆட்கள் வரைந்து, கணக்குப் போட்டு, சுமந்து வார்த்த கான்கிரீட்டுக்குப் புல்டோசரா? இந்தக் கேள்விக்கு உங்கள் குழுவிடமிருந்து எனக்குப் பதில் வேண்டும்.

சரி, ஹால் ஆஃப் நேஷன்ஸ் போய்விட்டது. அதே வளாகத்தில் நேரு பெவிலியனும் போய்விட்டது. சாணக்யா தியேட்டர் அதற்கு முன்பே போனது. நான் சொல்ல வந்தது இவற்றைவிடச் சாதாரணமான கட்டடங்களைப் பற்றி.

நவீன கட்டடக் கலை என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். சாம்பல் நிறப் பெட்டி, மழைக்கறை, காற்று வராத நடைவழி என்பதுதான் மனதில் இருக்கும் படம். அது எதற்காகத் தொடங்கியது என்பது மறந்துவிட்டது. முதல் உலகப் போர் முடிந்த ஐரோப்பாவில் தொழிலாளர்கள் வெளிச்சமும் கழிப்பறையும் இல்லாத அறைகளில் அடைந்து கிடந்தார்கள். 1919-ல் ஜெர்மனியில் வால்டர் க்ரோபியஸ் என்ற கட்டடக் கலைஞர் பவ்ஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கினார். அந்தத் தலைமுறை கேட்ட கேள்விகளில் முக்கியமான ஒன்று: சாதாரண வருமானம் உள்ளவருக்கும் சூரிய ஒளியும் காற்றும் உள்ள வீட்டை எப்படிக் கொடுப்பது? அலங்காரத்தை அவர்கள் ஒதுக்கியதில் அழகு பற்றிய கொள்கையும் உண்டு. கூடவே, ஒரு மாளிகைக்கு ஆகும் செலவில் நூறு வீடு கட்டலாம் என்ற கணக்கும் உண்டு.

அந்தக் கேள்வி டெல்லிக்கு வந்தபோது இங்கே பிரிவினை அகதிகள் லட்சக்கணக்கில் கூடாரங்களில் இருந்தார்கள். வீடுகளைத் தொழிற்சாலையில் வார்த்து இறக்கிவிடலாம் என்று ஜங்புராவில் ஒரு வீட்டுத் தொழிற்சாலையே தொடங்கினார்கள். அது எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 1954-ல் குறைந்த செலவு வீடுகளுக்கான சர்வதேசக் கண்காட்சி ஒன்று இந்த நகரத்தில் நடந்தது. க்ரோபியஸிடம் ஹார்வர்டில் படித்த அச்யுத் கான்விந்தே, அவரிடம் வேலை பார்த்த ஹபீப் ரஹ்மான் போன்றவர்கள் திரும்பி வந்து அரசு வேலையில் சேர்ந்தார்கள். ரஹ்மான் மத்தியப் பொதுப்பணித் துறையில் நீண்ட காலம் வேலை பார்த்தவர். (அவர் மனைவி இந்திராணி ரஹ்மான் பரதநாட்டியத்தை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனவர். தமிழர்கள் அந்தப் பெயரையாவது நினைவில் வைத்திருக்க வேண்டும்.) டெல்லியில் கலை, இலக்கிய அகாதமிகள் இருக்கும் ரவீந்திர பவனுக்கு ரஹ்மான் முதலில் வரைந்ததை நேரு ஏற்கவில்லை. பிறகு வந்ததுதான் சாய்ந்து நீளும் சன்ஷேடும் ஜாலியும் வைத்த இன்றைய வடிவம். வெளியிலிருந்து வந்த பாணியை இங்கிருக்கும் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி எங்கள் குவார்ட்டர்ஸ். இரண்டு மாடி, செங்கல் சுவர், தட்டையான கூரை. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் சின்ன முற்றம். சுவரின் உச்சியில் ரோஷன்தான், அதாவது சூடான காற்று மேலே ஏறி வெளியே போக ஒரு சின்ன ஜன்னல். மொட்டைமாடியில் மண்ணைக் கெட்டித்து அதன்மேல் செங்கல் ஓடு பதித்திருப்பார்கள், வேலைக்காரர்கள் மட் புஸ்கா என்பார்கள். மே மாதத்து 45 டிகிரி வெயிலிலும் அந்த மண் அடுக்கு சூட்டைத் தடுத்து நிறுத்தும். நாலு பக்கமும் வீடுகள், நடுவில் புல்வெளி, வேப்பமரம். கார் உள்ளே வராது, வருவதற்குக் காரும் கிடையாது. எந்த வீட்டுச் சமையலறையிலிருந்து பார்த்தாலும் புல்வெளியில் விளையாடும் குழந்தைகள் தெரிவார்கள். தற்செயலாக அமைந்ததில்லை அது. யாரோ ஒரு வரைவாளர் மேஜையில் உட்கார்ந்து அந்தப் பார்வைக்கோட்டை யோசித்திருக்கிறார்.

என் அப்பா 1960களில் எல்.டி.சி., அதாவது கீழ்நிலை எழுத்தர் வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தார். ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். ஊரில் நாங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள். அதற்கு மேல் தமிழ் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தெரு தனி, கிணறு தனி, சுடுகாடு தனி. டெல்லியில் அவருக்கு வீடு ஒதுக்கியது ஒரு வரிசை எண். சம்பளம் என்ன, பணியில் சேர்ந்த தேதி என்ன, அவ்வளவுதான். மேல்வீட்டில் கும்பகோணத்து மாமியின் குடும்பம், எதிரே லாகூரிலிருந்து வந்த பஞ்சாபிகள், பக்கத்தில் வங்காளிகள். எல்லோருக்கும் ஒரே படிக்கட்டு. எல்லோருக்கும் மொட்டைமாடியில் இருந்த அதே தொட்டியிலிருந்து அதே குழாயில் தண்ணீர். என் பாட்டி முதல்முறை டெல்லிக்கு வந்தபோது அந்தக் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார் என்று அப்பா சொல்வார்.

மனிதர்கள் உடனே மாறிவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் காபி குடிக்காதவர்கள் அந்தக் காலனியில் இருந்தார்கள், கடைசிவரை குடிக்காமலே ஓய்வுபெற்று ஊர் திரும்பினார்கள். ஆனால் அவர்களுடைய ஒதுக்கலுக்குக் கட்டடம் துணை போகவில்லை. தனி வாசல் இல்லை, தனிக் குழாய் இல்லை, ஒதுங்கிப் போக வேறு பாதை இல்லை. ஆயிரம் வருடமாகத் தெருவின் அமைப்பே சாதியைக் காப்பாற்றிய ஒரு நாட்டில், சாதியைத் தெரியாத ஒரு வரைபடத்தை அரசாங்கம் தன் செலவில் கட்டியது. இந்த வீடுகளின் பாரம்பரிய மதிப்பு என்ன என்று நீங்கள் கேட்டால் என் பதில் இதுதான். செதுக்கிய தூணும் வளைவும் இல்லையே என்று தேடினால் இது கண்ணில் படாது.

குறை இல்லாமல் இல்லை. டைப் ஒன்று, டைப் இரண்டு என்று சம்பளத்தை வைத்து வீடுகளைப் பிரித்ததில் பழைய ஏற்றத்தாழ்வு வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. டைப் ஒன்றில் பெரும்பாலும் யார் இருந்தார்கள் என்று அங்கே வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். இந்தக் காலனிகளுக்குச் செங்கல் சுமந்த ராஜஸ்தானிப் பெண்களுக்கு எந்த வரைபடத்திலும் வீடு இல்லை, அவர்கள் கட்டிய சுவருக்குப் பின்னாலேயே ஜுக்கி என்ற குடிசைகளில் இருந்தார்கள். வீடு ஒரு பக்கம், அலுவலகம் ஒரு பக்கம், கடை ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்ட திட்டமிடல், பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலேயே ஒரு தலைமுறையின் மாலை நேரத்தைத் தின்றது. இவற்றையெல்லாம் சேர்த்துச் சொல்லும் பாரம்பரிய அறிவிப்புதான் நேர்மையானது.

அப்புறம் வீழ்ச்சி. இதில்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. நவீன கட்டடக் கலை தோற்றுவிட்டது என்று சொல்கிறவர்கள் எப்போதும் காட்டும் சாட்சி அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துப் ப்ரூயிட்-ஐகோ. 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி, 1950களின் நடுவில் ஏழைகளுக்காகக் கட்டியது. 1972-ல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். அதே வருடம் நவம்பரில்தான் டெல்லியில் ஹால் ஆஃப் நேஷன்ஸ், ஆசியா 72 கண்காட்சிக்காகத் திறந்தது. ப்ரூயிட்-ஐகோவில் பராமரிப்புச் செலவு முழுவதையும் குடியிருப்பவர்களின் வாடகையிலிருந்தே எடுக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். நகரத்தின் மக்கள்தொகை குறைந்தது, வசதி உள்ளவர்கள் புறநகருக்குப் போனார்கள், வீடுகள் காலியாயின, வாடகை வரவில்லை, லிஃப்ட் நின்றது, குழாய் உடைந்தது, யாரும் சரிசெய்யவில்லை. பழியைக் கட்டடத்தின் தலையில் போட்டுவிட்டார்கள்.

நம் ஊரிலும் அதே கதைதான். என் தொழிலில் ஒரு சோதனை உண்டு. சந்தேகம் உள்ள தூணில் ஒரு விள்ளல் உடைத்து, புதிதாகத் தெரியும் பரப்பில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளிப்போம். கான்கிரீட் ஆரோக்கியமாக இருந்தால் பளீரென்று ரோஸ் நிறம் வரும். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே புகுந்து காரத்தன்மையைத் தின்றிருந்தால் நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டதா என்பதுதான் கேள்வி. தொட்டுவிட்டால் கம்பி துருப்பிடிக்கும், துரு ஊதிப் பெருத்து மேலிருக்கும் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். அந்தக் காலத்தில் கம்பிக்கு மேல் விட்ட கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன் குறைவு, அது உண்மை. ஆனாலும் சோதித்த கட்டடங்களில் திரும்பத் திரும்ப நான் கண்டது இது: வெயில் மட்டும் படும் தூண் நன்றாக இருக்கும். உடைந்த மழைநீர்க் குழாய்க்குக் கீழே, பல வருடமாகத் தண்ணீர் வழிந்த தூண் மட்டும் செத்திருக்கும். ஒரு குழாயை நேரத்தில் மாற்றியிருந்தால் அந்தத் தூண் இன்னும் நாற்பது வருடம் நின்றிருக்கும். இப்போதும்கூடக் கெட்ட பகுதியைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்பி, மேலே காப்புப் பூச்சு கொடுத்தால் காப்பாற்றலாம். இது அபூர்வ வித்தை இல்லை, தினமும் செய்கிற வேலை.

ஆனால் "ஆயுள் முடிந்துவிட்டது" என்று ஒரு வரி எழுதினால் போதும், இடிக்கலாம். 2016-ல் மத்திய அமைச்சரவை ஏழு காலனிகளை இடித்துக் கட்ட ஒப்புதல் தந்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ் நகர், ஸ்ரீநிவாஸ்புரி, முகமத்பூர். 12,970 வீடுகளுக்குப் பதிலாக 25,667 வீடுகள். வீடுகள் அதிகமாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குவார்ட்டர்ஸுக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் ஊழியர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? நௌரோஜி நகரில் குமாஸ்தாக்களின் வீடுகள் இருந்த நிலத்தில் வணிகக் கோபுரங்கள் கட்டி விற்ற பணம். எளியவருக்கு அரசு நிலத்தில் வீடு என்ற எண்ணமே அங்கே கைமாறிவிட்டது. 2018-ல் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் சரோஜினி நகர் மக்கள் தெருவுக்கு வந்து மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், உயர் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தியது. மரத்துக்காவது குரல் கொடுக்க ஆள் இருந்தது. வீடுகளுக்காக யாரும் வரவில்லை.

நவீன கட்டடக் கலையின் வீடுகள் டெல்லியில் நன்றாக வாழ முடியும் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் அலக்நந்தாவின் யமுனா அபார்ட்மெண்ட்ஸுக்குப் போய்ப் பாருங்கள். தென்னிந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் கூட்டுறவுக் குடியிருப்பு அது. டிசைன் குரூப் என்ற கட்டடக் கலை நிறுவனம் வடிவமைத்தது. கார்கள் ஓரத்திலேயே நின்றுவிடும். உள்ளே நடந்துபோக மட்டுமான குறுகலான தெருக்கள் நடுவில் ஒரு திடலில் வந்து சேரும். நாலு மாடிதான், லிஃப்டை நம்பிய வாழ்க்கை இல்லை. காலையில் கோலம் இருக்கும், மாலையில் அந்தத் திடலில் தமிழ் கேட்கும். அங்கே குடியிருப்பவர்கள்தான் உரிமையாளர்கள், குழாய் உடைந்தால் மறுநாளே ஆள் வந்துவிடுவார். வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் 60 வயது விதிக்கு வருகிறேன். பிரேசிலியா 1960-ல் தொடங்கிய நகரம், 1987-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சிட்னி ஆபரா ஹவுஸ் 1973-ல் திறந்தது, 2007-ல் சேர்ந்தது. இங்கிலாந்தில் பொதுவாக 30 வருடம் ஆனாலே பரிசீலிக்கிறார்கள், அதற்கும் குறைந்த வயதில் ஒரு நல்ல கட்டடம் ஆபத்தில் இருந்தால் அப்போதும் தலையிடுகிறார்கள். கான்கிரீட் கட்டடத்துக்கு ஆபத்தான பருவம் 40 முதல் 60 வரைதான். பழுது தெரியத் தொடங்கும், பழமை என்ற மரியாதை வந்திருக்காது, நிலத்தின் விலை மட்டும் ஏறியிருக்கும். அந்தப் பருவத்தில் காப்பு இல்லை என்று விதி வைத்துவிட்டு, 60-ஐத் தாண்டி எத்தனை கட்டடம் உங்கள் மேஜைக்கு வந்து சேரும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

சரி, 60 என்றே வைத்துக்கொள்வோம். ரவீந்திர பவன் 1961, இந்தியா இண்டர்நேஷனல் சென்டர் 1962, திரிவேணி கலா சங்கம் 1963. எல்லாம் அந்த வயதைக் கடந்துவிட்டன. 1950களில் கட்டிய குவார்ட்டர்ஸ் எப்போதோ கடந்துவிட்டது. நீங்கள் வைத்த அளவுகோலின்படியே கேட்கிறேன்: அந்த 62 பெயர்களில் எவை அறிவிக்கப்பட்டன, எவை நிலுவையில் இருக்கின்றன, எவை இடிந்தே போயின என்பதை ஒவ்வொன்றாகப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். 60 வயதை எட்டாதவற்றுக்கு, முடிவு எடுக்கும்வரை இடிக்கத் தடை வையுங்கள்.

பொதுக் கட்டடம் எதையும் ஆயுள் முடிந்தது என்று சொல்லி இடிக்க வந்தால், கவர் எவ்வளவு, கார்பன் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, கான்கிரீட்டின் வலு என்ன, பழுதுபார்க்க என்ன செலவு என்று முழு அறிக்கையைக் கேளுங்கள். அந்த அறிக்கையை ஏலம் விடுவதற்கு முன்பே எல்லோரும் படிக்கக் கிடைக்கச் செய்யுங்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது இது. ஆர்.கே.புரத்திலோ இன்னும் இடிபடாத வேறு காலனியிலோ ஒரே ஒரு சதுக்கத்தையாவது முழுசாக அறிவியுங்கள். நாலு பக்க வீடுகள், நடுப் புல்வெளி, மரங்கள், மட் புஸ்கா கூரை எல்லாம் சேர்த்து. அதை அருங்காட்சியகமாக்கிப் பூட்டிவிடாதீர்கள். இப்போது போலவே கிளார்க்குகளும் பியூன்களும் குடும்பத்தோடு குடியிருக்கட்டும், வரிசை எண்படியே ஒதுக்குங்கள்.

இதைப் படிக்கும் டெல்லித் தமிழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு ஆல்பங்களில் இந்தக் காலனிகளின் படங்கள் இருக்கும். முற்றத்தில் வடாம் காயப்போட்டது, மொட்டைமாடியில் கட்டில் போட்டுப் படுத்தது, பார்க்கில் பொங்கல் வைத்தது. அவற்றைத் தேடி எடுத்து, வீட்டு எண்ணும் வருடமும் எழுதி வையுங்கள். இங்கே யார் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு அரசுக் கோப்பில் ஆதாரம் கிடைக்காது, உங்களிடம்தான் இருக்கிறது.

குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்த மடலை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கட்டடத்திலாவது சோதனைக்கு ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள், என்னோடு வேலை செய்யும் இளம் பொறியாளர்களும் நானும் கருவிகளோடு வருகிறோம், கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஒரு கட்டடப் பொறியாளன்,
புது டெல்லி